ரத்தக் கட்டியை மட்டும் தடுத்து, ரத்தக் கசிவைத் தராத மருந்து ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த அப்பா ஆஸ்பிரினும் டிகாக்ரிலாரும் சாப்பிடுகிறார். கை லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, ஷேவ் செய்யும்போது கீறினால் ரத்தம் நிற்க நேரமாகிறது. இதயத்தில் கட்டி வராமல் தடுக்கிற மருந்தை மற்ற இடங்களில் ரத்தம் கசியவிடாமல் செய்ய முடியாதா, இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அவருக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும், அதற்காக மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல் விஷயம் கடைசியில் வருகிறது. அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கேட்கிற மாதிரியான மருந்து முழுமையாக இன்னும் இல்லை. ஆனால் பிளேட்லெட்டை அடைத்தால் ரத்தம் கசியத்தான் செய்யும், வேறு வழியே இல்லை என்று சிலர் கையை விரிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். பிளேட்லெட்டின் மேல் இருக்கும் ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வருகிற பொருட்களைப் பிடிக்கும் புரதங்களை, அடைக்கும் மருந்துகளின் கதையைப் பார்த்தால், எந்த ஏற்பியை அடைத்தார்கள் என்பதைவிட, எப்படி அடைத்தார்கள், மருந்து உட்கார்ந்த பிறகு அந்த ஏற்பி எந்த வடிவில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் அப்படி நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலான வில்லங்கம் இருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே பல வருடங்கள் பிடித்தன, நடுவில் சில மருந்துகள் ஆளையே கொன்றன.

முதலில் அடிப்படை. டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. உட்கரு இல்லாத, ஏழிலிருந்து பத்து நாள் வரை வாழ்கிற துண்டு அது. ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்தால் அடியில் இருக்கும் கொலாஜன் வெளியே தெரியும், பிளேட்லெட் அதில் ஒட்டும், தன்னிடமிருக்கும் ஏடிபி (அடினோசின் டைஃபாஸ்பேட்) போன்ற பொருட்களைக் கொட்டி மற்ற பிளேட்லெட்டுகளையும் உசுப்பிவிடும். கடைசியில் எல்லாமே ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று கோர்க்கப்படும். ஷேவ் செய்யும்போது கீறினாலும் இதுதான் நடக்கிறது, இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தாலும் இதுதான். ஒரே இயந்திரம், இரண்டு இடம். உங்கள் கேள்விக்கான சிரமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்தை மெதுவாகச் சுழற்றிச் சிவப்பணுக்களை அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் வெளிர் மஞ்சள் பிளாஸ்மாவை ஒரு சின்னக் குழாயில் எடுத்தால் அது கலங்கலாக இருக்கும், அந்தக் கலங்கல்தான் பிளேட்லெட். 37 டிகிரியில் வைத்து, உள்ளே ஒரு குட்டிக் காந்தக் கம்பியைச் சுழலவிட்டு, சில மைக்ரோலிட்டர் ஏடிபியை விட்டால், சில நிமிடங்களுக்குள் கலங்கல் வெள்ளை வெள்ளையான துணுக்குகளாகத் திரண்டு திரவம் தெளிந்துவிடும். நோயாளி எடுத்துக்கொண்ட மருந்து வேலை செய்கிறதென்றால் கலங்கல் அப்படியே நிற்கும். இத்தனை மருந்துகளும் இந்த ஒரு சோதனையில் தேறித்தான் மேலே வந்தன. ஆனால் கலங்கல் தெளியவில்லை என்பதால் மருந்து பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

அந்தக் கடைசிக் கோர்வையைச் செய்கிற ஏற்பியை மருத்துவர்கள் 'டூபி த்ரீஏ' என்பார்கள், உயிர்வேதியியல்காரர்கள் ஆல்ஃபா-டூபி பீட்டா-த்ரீ இன்டெக்ரின் என்பார்கள். ஒரு பிளேட்லெட்டில் ஏறத்தாழ 80,000 இருக்கும். எந்தத் தூண்டுதலால் பிளேட்லெட் கிளம்பினாலும், கொலாஜனோ ஏடிபியோ ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினோ எதுவாக இருந்தாலும், கடைசியில் இந்த வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதை அடைத்தால் எல்லாமே நின்றுவிடும். அப்படி நின்றுபோனால் என்ன ஆகும் என்பது ஏற்கனவே இயற்கையில் தெரிந்திருந்தது. 1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்த பிறவி நோயில் இந்த ஏற்பி இருக்காது, அல்லது இருந்தும் வேலை செய்யாது. மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும், பெண் குழந்தைகள் வயதுக்கு வரும்போது உதிரப்போக்கு நிற்காமல் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள சமூகங்களில் இது கூடுதலாகத் தென்படும், தென்னிந்தியாவும் அதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, நோயாளியின் அப்பா அம்மா. அவர்களுக்கு ஒரு மரபணுப் பிரதி மட்டும்தான் பழுது, ஆகவே ஏற்பி பாதி இருக்கும். அவர்களுக்கு ரத்தக் கசிவே இருக்காது, மேலே சொன்ன குழாய்ச் சோதனையிலும் இயல்பாகவே தெரியும். ஆக பாதியை அடைத்தால் பயனும் இல்லை, தொல்லையும் இல்லை. கட்டியைத் தடுக்க வேண்டுமென்றால் 80 விழுக்காட்டுக்கு மேல் அடைக்க வேண்டும் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே போனால் மருந்து வீண், ரொம்ப மேலே போய் நாள்கணக்கில் நின்றால் செயற்கையாக கிளான்ஸ்மன் நோயை வரவழைத்த மாதிரி. சமாளிக்க வேண்டிய இடைவெளி இவ்வளவுதான்.

அமெரிக்காவில் பேரி காலர் என்ற ரத்தவியல் மருத்துவர் 1980களில் 7இ3 என்ற எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) கண்டுபிடித்தார். ஃபைப்ரினோஜன் பூசிய நுண்மணிகளோடு பிளேட்லெட் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சலித்து எடுத்தது அது. அதிலிருந்து வந்த மருந்துதான் அப்சிக்சிமாப், 1994 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. எபிக் என்ற சோதனையில் 2,099 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மரணம், மாரடைப்பு, அவசரமாக மறுபடி குழாயைத் திறக்க வேண்டிவருவது எல்லாம் சேர்ந்து 12.8 விழுக்காட்டிலிருந்து 8.3க்கு இறங்கியது. ஆனால் பெரிய ரத்தப்போக்கு ஏழிலிருந்து பதினாலு விழுக்காடாக, அதாவது இரட்டிப்பாக ஆனது.

அடுத்து நடந்ததை நிறைய பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 1997இல் வந்த எபிலாக் சோதனையில் அதே அப்சிக்சிமாப்தான், கூடக் கொடுத்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை மட்டும் நோயாளியின் எடைக்கு ஏற்றபடி குறைத்தார்கள், தொடையில் செருகிய குழாயையும் சீக்கிரம் எடுத்தார்கள். பயன் குறையவில்லை, பெரிய ரத்தப்போக்கோ மருந்து இல்லாதவர்களின் அளவுக்கே வந்துவிட்டது. அதாவது முதல் சோதனையில் நாம் மருந்தின் மேல் சுமத்திய பழியில் பாதி, உண்மையில் துணைக்குக் கொடுத்த ஹெப்பாரினுக்குச் சேர வேண்டியது. புதிய மூலக்கூறு எதுவும் செய்யாமலே ஒரு மருந்தைப் பாதுகாப்பானதாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்புறம் பாம்புகள். விரியன் இனங்களின் விஷத்தில் இந்த இன்டெக்ரினில் போய் உட்காருகிற சின்னப் புரதங்கள் உண்டு, கடிபட்டவருக்கு ரத்தம் நிற்காமல் போவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. நம் ஊர் வறண்ட காட்டிலும் கிடக்கிற சுருட்டை விரியனின் விஷத்திலிருந்து கிடைத்தது எக்கிஸ்டாட்டின், அதில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றும் ஒரு வளைவின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும், ஃபைப்ரினோஜனிலும் இதே மூன்றெழுத்து உண்டு. இந்த வடிவத்தைச் சின்ன மூலக்கூறாக உருவகித்ததுதான் டைரோஃபிபான். அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் குட்டி கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றின் விஷத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின் இருந்தது, அது மற்ற இன்டெக்ரின்களை விட்டுவிட்டு பிளேட்லெட்டில் இருப்பதை மட்டும் பிடித்தது. அதைப் பார்த்துச் செய்தது எப்டிஃபிபடைட். இரண்டும் 1998இல் வந்தன, இரண்டும் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறவை, நிறுத்தினால் சில மணி நேரத்தில் பிளேட்லெட் பழையபடி வேலைக்கு வந்துவிடும். இன்றைக்கும் ஆஞ்சியோ செய்கிற கேத் லேபில் கட்டி அதிகமாகத் தெரிந்தால் கையில் எடுப்பது இவற்றைத்தான்.

சரி, நரம்பில் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, மாத்திரையாகச் செய்து மாதக்கணக்கில் கொடுத்தால் என்ன? பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பந்தயத்தில் இறங்கின. ஆர்போஃபிபான், செமிலோஃபிபான், சிப்ராஃபிபான், லோட்ராஃபிபான் என்று வரிசையாக வந்தன. ஐந்து பெரிய சோதனைகள், மொத்தம் 30,000 பேருக்கு மேல். முடிவு, மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் மொத்த வகையும் மூட்டை கட்டப்பட்டது.

ரத்தப்போக்கால் இறந்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ரத்தப்போக்கு கூடியது உண்மைதான், ஆனால் கூடுதல் மரணங்களுக்கு அது மட்டும் கணக்குச் சொல்லவில்லை. கட்டியைத் தடுக்கக் கொடுத்த மருந்தே கட்டிக்குத் துணை போயிருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. இங்கேதான் வடிவ விவகாரம் வருகிறது.

இந்த இன்டெக்ரின் சும்மா இருக்கும்போது செல்லின் மேல் மடங்கிக் கிடக்கும். பிளேட்லெட் உசுப்பப்பட்டால், குத்தவைத்து உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்று கையை விரிக்கிற மாதிரி, நிமிர்ந்து தலைப்பகுதி திறந்துகொள்ளும், அப்போதுதான் ஃபைப்ரினோஜனை இறுக்கிப் பிடிக்க முடியும். ஃபைப்ரினோஜனைப் பார்த்து வடிவமைத்த மருந்து என்ன செய்யும்? ஃபைப்ரினோஜன் உட்காரும் இடத்தில் உட்காரும், ஃபைப்ரினோஜன் செய்வதையே அதுவும் செய்யும், ஏற்பியை நிமிர்த்தித் திறந்து வைக்கும். மருந்து உள்ளே இருக்கும்வரை இடம் அடைபட்டிருக்கிறது, கவலையில்லை. மாத்திரையின் அளவு ரத்தத்தில் இறங்குகிற நேரத்தில், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால், மருந்து விலகிப்போனாலும் சில ஏற்பிகள் திறந்த நிலையிலேயே நின்று அருகில் வருகிற ஃபைப்ரினோஜனைப் பிடித்துக்கொள்கின்றன. நரம்பில் ஒரே சீராக ஏற்றும்போது இந்த ஏற்ற இறக்கம் இல்லை, அதனால் அங்கே இது அவ்வளவாகத் தெரியவில்லை. மரணங்களுக்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதுவரை சொல்லப்பட்டவற்றில் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுவது இதுதான்.

இன்னொரு தொல்லையும் இதே வேரிலிருந்துதான். டைரோஃபிபானோ எப்டிஃபிபடைடோ ஏற்றிய சில மணி நேரத்தில் சிலருக்கு, நூறு பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு, பிளேட்லெட் எண்ணிக்கை தடாலென்று சரியும். முன்பின் அந்த மருந்தையே தொடாதவருக்கும் நடக்கும். மருந்து உட்கார்ந்ததும் ஏற்பி வடிவம் மாறுகிறது, அதுவரை மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது, சிலருடைய உடம்பில் அந்தப் பகுதியை அடையாளம் காணும் எதிர்ப்புரதங்கள் ஏற்கனவே இருக்கின்றன. உடனே அந்த பிளேட்லெட்டுகளை உடம்பு துடைத்தெடுத்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கனவே எல்லாம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவருக்கு எண்ணிக்கை இருபதாயிரத்துக்குக் கீழே போனால் அந்த இரவு வார்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஆக, கேள்வி இப்படி மாறியது: ஏற்பியைத் திறக்காமலே அடைக்கிற மருந்தைச் செய்ய முடியுமா?

காலர் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அவருடைய குழு 33,264 சேர்மங்களைச் சலித்தது. 2008இல் வெளியான அந்த வேலையில் ஆர்யூசி-1 என்ற ஒன்று கிடைத்தது. வீரியம் குறைவு, ஆனால் நடத்தை வித்தியாசமானது, அது ஏற்பியின் ஆல்ஃபா பக்கத்தில் மட்டும் உட்கார்ந்தது, பீட்டா பக்கத்தைத் தொடவில்லை. இது ஏன் பெரிய விஷயம் என்றால், பீட்டா பக்கத்தில் ஒரு மெக்னீசியம் அயனி இருக்கிறது, ஃபைப்ரினோஜனும் டைரோஃபிபானும் எப்டிஃபிபடைடும் தங்கள் அமில முனையால் அந்த மெக்னீசியத்தைத்தான் பிடிக்கின்றன, அந்தப் பிடிதான் ஏற்பியைத் திறக்கிற இழுப்பைத் தொடங்கிவைக்கிறது. ஆர்யூசி-1ஐக் கொஞ்சம் நீட்டி ஆர்யூசி-2 செய்தார்கள், அது நூறு மடங்கு அளவுக்கு வீரியம் கூடியது. படிகமாக்கி எக்ஸ்ரே வழியாகப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். நீட்டிய நுனி, மெக்னீசியத்தைப் பிடித்து வைத்திருக்கும் குளூட்டமிக் அமிலம் ஒன்றைத் தன் பக்கம் வளைத்துக்கொள்கிறது, பிடி போனதால் மெக்னீசியமே இடத்தைவிட்டுப் போய்விடுகிறது. திறக்கும் இழுப்பு தொடங்குகிற இடத்தில் உலோகமே இல்லை, ஆகவே ஏற்பி மூடிய நிலையிலேயே நிற்கிறது. மருந்து வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று.

அதன் அடுத்த தலைமுறை ஆர்யூசி-4, இப்போது பெயர் ஜாலன்ஃபிபான். தோலுக்கடியில் இன்சுலின் மாதிரி போடுகிற ஊசி. பதினைந்து நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும், ஓரிரு மணி நேரத்தில் தாக்கம் வடிந்துவிடும். ஆம்புலன்ஸிலேயே போட்டுவிடலாம் என்பதுதான் எண்ணம். ஏனென்றால் பெரிய மாரடைப்பு வந்தவருக்குக் கொடுக்கிற மாத்திரைகள் குடலிலிருந்து ஏறவே நேரமாகிறது, வலிக்கு மார்ஃபின் போட்டிருந்தால் இன்னும் தாமதம், நாலைந்து மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் ஆஞ்சியோவே முடிந்திருக்கும். செலிபிரேட் என்ற சோதனையில் இதை ஏறக்குறைய 2,500 பேருக்குச் சோதித்து 2025 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். ஒட்டுமொத்தப் பலன் மருந்தின் பக்கம், உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் லேசான, நடுத்தர ரத்தப்போக்கு கூடியது. பார்த்தீர்களா, வடிவத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்துச் செய்த மருந்திலும் ரத்தக் கசிவு முழுக்க ஒழியவில்லை. ஏற்பி மூடிக் கிடந்தாலும் அடைபட்ட ஏற்பி அடைபட்டதுதானே. வடிவத்தைத் திருத்தினால் போகக்கூடியது மருந்தே கட்டியைத் தூண்டுவதும் பிளேட்லெட் எண்ணிக்கை சரிவதும், ஷேவ் செய்த கீறல் அதனால் சீக்கிரம் அடைபட்டுவிடாது. கசிவைக் குறைக்க இன்னொரு வழி நேரம், அந்த ஊசி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவது அதற்காகத்தான்.

பாஸ்டனில் டிமத்தி ஸ்பிரிங்கர் குழு 2022இல் வெளியிட்டதையும் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். மூடிய நிலையில் அந்த மெக்னீசியத்துக்கும் பக்கத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்பி திறக்க வேண்டுமென்றால் அந்த நீர் வெளியேற வேண்டும், அப்போதுதான் செரின் மெக்னீசியத்தை நேரடியாகத் தொட முடியும். மருந்தில் சரியான இடத்தில் ஒரு நைட்ரஜன் அணு இருந்தால் அது ஹைட்ரஜன் பிணைப்பால் அந்த நீரைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது, ஏற்பி திறப்பதில்லை. மெக்னீசியத்தைத் துரத்தவும் வேண்டாம், மருந்து அங்கேயே உட்காரலாம், தண்ணீரை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த விதியை வைத்துத் திறக்கிற மருந்தை மூடுகிற மருந்தாக மாற்றியும் காட்டினார்கள். பழைய கையிருப்பில் இருந்த சில சேர்மங்கள் தற்செயலாகவே மூடுகிற வகையாக இருந்திருக்கின்றன, அந்தக் காலத்தில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு முன் மூட்டை கட்டிய மாத்திரை வகையை மறுபடி அவிழ்க்கலாமா என்ற பேச்சு இதிலிருந்துதான் வருகிறது. அவிழ்த்தாலும் மாதக்கணக்கில் கொடுப்பதைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது, 80 விழுக்காடு அடைப்பை நாள் முழுக்கக் காப்பது என்பது மூடுகிற மருந்துக்கும் அதே கழைக்கூத்துதான்.

இப்போது அப்பா சாப்பிடும் டிகாக்ரிலாருக்கு வருவோம். அது இந்தக் கடைசி வாசலைத் தொடுவதில்லை, ஏடிபியைப் பிடிக்கும் பி2ஒய்12 என்ற ஏற்பியை அடைக்கிறது. ஒரு வாசல் மட்டும் அடைபட்டு மற்றவை திறந்திருப்பதால் மாதக்கணக்கில் தாங்க முடிகிறது. இங்கேயும் 'எப்படி அடைக்கிறது' என்பதே கதை. இதே ஏற்பியை அடைக்கும் குளோபிடோக்ரல் கல்லீரலில் மாற்றப்பட்ட பிறகுதான் மருந்தாகிறது, அதைச் செய்யும் சிப்2சி19 நொதி பலருக்கு மந்தம். ஜிப்மரில் தமிழர்களிடம் பார்த்த ஆய்வில் மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த மந்த வகைதான், அந்தக் கணக்குப்படி இரண்டு பிரதியும் மந்தமாக உள்ளவர் ஆறேழு பேரில் ஒருவர் வருவார். அவர்களுக்கு வழக்கமான அளவில் அந்த மருந்து சரியாகப் பிடிக்காமல் போகலாம். வயிற்றுக்கு ஓமெப்ரசோல் சேர்த்துச் சாப்பிட்டால் இதே நொதியை அதுவும் கட்டிப்போடும், அதனால்தான் குளோபிடோக்ரலோடு பெரும்பாலும் பான்டோபிரசோல் எழுதுகிறார்கள். பிரசுக்ரல் இந்தச் சிக்கல் இல்லாமல் பலமாக அடைக்கிறது, ஏற்பியை அந்த பிளேட்லெட்டின் ஆயுள் முழுக்க விடுவதில்லை. 2007இல் ட்ரைட்டன் சோதனையில் மாரடைப்பு குறைந்தது, உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு கூடியது. முன்பு பக்கவாதம் வந்தவருக்கு அது ஆகவே ஆகாது என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

டிகாக்ரிலார் விலகிக்கொள்ளக்கூடிய பிடி. 2009இல் பிளாட்டோ சோதனையில் 18,624 பேர், ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்த்து குளோபிடோக்ரலின் 11.7க்குப் பதில் 9.8 விழுக்காடு. சிலருக்கு மூச்சு வாங்கும், பயந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விலகக்கூடிய பிடி என்பதால்தான் இதற்கு முறிவு மருந்தும் செய்ய முடிந்தது, பென்ட்ராசிமாப் என்ற எதிர்ப்புரதத் துண்டு ரத்தத்தில் மிதக்கும் டிகாக்ரிலாரை ஏற்பியைவிட வலுவாகக் கவ்விக்கொள்கிறது, நிமிடங்களில் பிளேட்லெட் விடுபடுகிறது. பிரசுக்ரலுக்கு இப்படி ஒன்று சாத்தியமில்லை, அங்கே மருந்து ஏற்பியோடு வேதிப்பிணைப்பே போட்டுவிடுகிறது.

வோராபாக்சரைப் பற்றி இரண்டு வரி. த்ராம்பினைப் பிடிக்கும் பார்-1 ஏற்பியை அடைப்பது, ஆஸ்திரேலிய மரப்பட்டை ஒன்றில் கிடைத்த ஹிம்பாசின் என்ற பொருளிலிருந்து வந்தது. உறையும் ரத்தத்தின் வலையான ஃபைப்ரின் உருவாவதைத் தொடுவதில்லை, ஆகவே ரத்தக் கசிவு கூடாது என்று காகிதத்தில் அழகாக இருந்தது. ட்ரேசர் சோதனையில் மூளைக்குள் ரத்தக்கசிவு 0.2க்குப் பதில் 1.1 விழுக்காடு. ஏற்கனவே இரண்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் மேல் மூன்றாவதாக இதையும் ஏற்றியதும், ஒருமுறை பிடித்தால் நாள்கணக்கில் விடாததும் சேர்ந்து செய்த வேலை அது. 2014இல் பல எச்சரிக்கைகளோடு அமெரிக்க அனுமதி கிடைத்தது, பெரிதாகப் புழங்கவில்லை.

நீங்கள் கேட்பதற்கு மிக நெருக்கமாக வருவது சிகாகோவில் ஷியாவ்பிங் டூ குழு செய்கிற வேலை. இன்டெக்ரின் வெளியே ஃபைப்ரினோஜனைப் பிடித்த பிறகு செல்லின் உள்ளே ஒரு சமிக்ஞை போகிறது, கட்டி பெரிதாக வளர்வதற்கு அது தேவை, முதல் பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கீறலை மூடுவதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. உள்ளே அந்தச் சமிக்ஞையை ஆரம்பிக்கும் ஜி-ஆல்ஃபா-13 என்ற புரதம் இன்டெக்ரினின் வாலைப் பிடிக்கும் இடத்தை மட்டும் ஒரு சின்னப் பெப்டைடால் மறைத்தார்கள். ஏற்பி வெளியே வழக்கம்போல் வேலை செய்தது, எலிகளில் கட்டி வளர்வது தடைபட்டது, வாலில் கீறினால் ரத்தம் வழக்கமான நேரத்தில் நின்றது. 2013இல் வந்த முடிவு. எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் எத்தனையோ மருந்துகள் காணாமல் போயிருக்கின்றன, அதனால் நான் துள்ளிக் குதிக்க மாட்டேன், ஆனால் ஒரே இயந்திரம் என்று மேலே சொன்னேனே, அதற்குள்ளும் கீறலை மூடுகிற வேலையும் கட்டி வளர்க்கிற வேலையும் ஓரளவு பிரிந்துதான் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல ஆதாரம். கொலாஜனைப் பிடிக்கும் ஜிபி-6 ஏற்பியும் இதே ஆசையைத் தருகிறது, அது இல்லாமலே பிறந்தவர்களுக்கு ரத்தக் கசிவு பெரும்பாலும் லேசானதுதான். ஆனால் அதை அடைக்கும் கிளென்சோசிமாப் பக்கவாத நோயாளிகளிடம் செய்த பெரிய சோதனையில் 2024இல் பயன் காட்டவில்லை. பாதுகாப்பாக இருப்பது ஒன்று, பயன் தருவது இன்னொன்று.

புதிய மருந்துக்குக் காத்திராமல் இன்றே கசிவைக் குறைக்கிற வழியும் உண்டு. 2019இல் ட்விலைட் சோதனையில், ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் இரண்டு மாத்திரையும் கொடுத்துவிட்டு, பிறகு ஆஸ்பிரினை நிறுத்தி டிகாக்ரிலாரை மட்டும் தொடர்ந்தார்கள். ரத்தப்போக்கு 7.1 விழுக்காட்டிலிருந்து 4க்கு இறங்கியது, மாரடைப்போ மரணமோ கூடவில்லை. ஆனால் அப்பாவுக்கு வந்த மாதிரியான பெரிய மாரடைப்பு நோயாளிகள் அந்தச் சோதனையில் இல்லை, ஆகவே இதை அப்படியே எடுத்து அவருக்குப் பொருத்திவிடாதீர்கள். அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது, இரண்டு மாத்திரையும் எத்தனை மாதம், எப்போது ஒன்றாகக் குறைக்கலாம் என்று நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இனி பல். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உருவாகலாம், அதில் உயிர் போகும் வாய்ப்பு நிறைய, பல் குழியில் ரத்தம் கசிந்தால் அங்கேயே அழுத்தி நிறுத்தலாம். அவசரமில்லாத பல் என்றால் தள்ளிப்போடுவது நல்லது. வலி, சீழ் என்று தள்ளிப்போட முடியாத நிலை என்றால் பொதுவாக மாத்திரையை நிறுத்தாமலே ஒரு பல்லைப் பிடுங்குகிறார்கள். பல் மருத்துவரிடம் இரண்டு மாத்திரையின் பெயரையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் எழுதிக் கொடுத்து, அவரையே இதய மருத்துவரோடு பேசச் சொல்லுங்கள். காலை நேரத்துக்கு வாங்கினால் சாயங்காலத்துக்குள் கசிவு தொடர்கிறதா என்று தெரிந்துவிடும். தையல் போட்டு, துணியை அரை மணி நேரம் இறுக்கிக் கடித்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், தேவைப்பட்டால் டிரானெக்சாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பும் தருவார்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். மருந்துக்கடையில் நீட்டுகிற டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் எதுவும் வேண்டாம், அவை கசிவைக் கூட்டும், இபுபுரோஃபென் ஆஸ்பிரினை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ பல் மருத்துவருக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.